நான்கு வயதுக்கு டியூஷன் வேண்டாம், அடுப்படிக்கு அழைத்து வாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கல்வியாண்டு நெருங்கும்போதெல்லாம் உங்கள் வாசகர் பக்கத்தில் பெற்றோர் கடிதங்கள் பெருகிவிடுகின்றன. எந்தப் பாலர் பள்ளி நல்லது, எந்த வயதில் எழுத வைக்கலாம், வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லலாம் என்று கேட்கிறார்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன். அந்தக் கடிதங்களில் தெரியும் பயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஓர் இளம் தாய் அண்மையில் என்னிடம் வந்து, "அத்தை, மகளுக்கு நான்கு வயதாகிவிட்டது, இன்னும் 'அ' எழுத வரவில்லை, டியூஷனுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். பிள்ளை போகும் பாலர் பள்ளியில் தினமும் எழுத்து வேலை கொடுத்து அனுப்புகிறார்களாம். பென்சிலைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறதாம்.

அவளுக்குச் சொன்னதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குக் கூடுதல் பாடம் வேண்டாம். வீட்டில் நாம் அன்றாடம் செய்யும் வேலையில் அதற்கும் ஒரு பங்கு கொடுங்கள். வாசலுக்கு வெளியே இருக்கும் செடியையும் பூச்சியையும் அதனோடு சேர்ந்து நின்று பாருங்கள். எழுத்தும் எண்ணும் வருவதற்கு முன்னால் பிள்ளைக்கு வர வேண்டியவை பல இருக்கின்றன. விரலில் பலம் வர வேண்டும், கண் ஓரிடத்தில் நிற்கப் பழக வேண்டும், பார்த்ததைச் சொல்ல வாயில் சொல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் பயிற்சிப் புத்தகம் கிடையாது.

நான் பிறந்தது மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 2007-இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது. எங்கள் வயதுக்காரர்களின் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. பள்ளியை விட்டதும் தோட்ட வேலைக்குப் போனேன். பிறகு ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்து, ஓய்வு பெற்று, இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால் பகல் முழுவதும் பேத்தியும் பேரனும் என் பொறுப்பில்தான். பேத்திக்கு ஐந்தரை வயது, பேரனுக்கு மூன்று.

முதலில் அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு நேரம் போகிறது. எங்கள் வீட்டில் அரிசி அளப்பது பழைய பால் டின்னால். அதை அளப்பது பேத்தியின் வேலை. ஒரு டின், இரண்டு டின் என்று சத்தமாக எண்ணிக்கொண்டே போடுவாள். விருந்தாளி வந்தால் எத்தனை டின் கூடுதலாக வேண்டும் என்று அவளையே கேட்பேன். பேரனுக்கு முருங்கைக்கீரை. காம்பைப் பிடித்து இலையை உருவும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எப்படி வேலை செய்கின்றன என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களும் அவைதான். தவுகே (பயறு முளை) வாங்கி வந்தால் வாலைக் கிள்ளுவது, நெத்திலியின் தலையைக் கிள்ளுவது, சின்ன வெங்காயத்தின் தோலை உரிப்பது எல்லாம் அதே பயிற்சிதான். கலந்து போன துவரம்பருப்பையும் பச்சைப்பயற்றையும் ஒரு தட்டில் கொட்டி, பிரித்து வைக்கச் சொன்னால் மூன்று வயதுப் பிள்ளை கால் மணி நேரம் அசையாமல் உட்காரும். அந்தக் கவனத்தை நாம் எந்த மிரட்டலாலும் வரவழைக்க முடியாது. மூன்று வயதுப் பிள்ளை எதையும் வாயில் போடும், மூக்கில் திணிக்கும் என்பதால் நாம் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இதெல்லாம் கிழவியின் கைவைத்தியம் என்று யாராவது நினைத்தால், ஒரு செய்தி சொல்கிறேன். பட்டணங்களில் நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் நடக்கும் மொண்டெசோரி பாலர் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குப் பயறு ஊற்றுகிறார்கள், மேசை துடைக்கிறார்கள், பொத்தான் போடப் பழகுகிறார்கள். அந்த முறையை உருவாக்கிய மரியா மொண்டெசோரி ஒரு மருத்துவர். 1907-இல் ரோம் நகரத்தில் ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த பகுதியில்தான் தம் முதல் பள்ளியைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர் மூண்டதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில காலம் தங்கி இயற்கையையே பாடமாக வைத்துச் சிறுபிள்ளைகளுக்குக் கற்பித்தார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் தொடங்கிய முறை அது. நம் வீட்டில் அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் கட்டட்டும். முடியாதவர்கள் தம் பிள்ளை எதையோ இழந்துவிட்டதாக நினைத்துக் கலங்க வேண்டாம்.

பச்சைப்பயற்றில் இன்னொரு வேலை இருக்கிறது. இரவில் ஊற வைத்து, ஈரத் துணியிலோ பஞ்சிலோ போட்டு, ஒரு கிண்ணத்தை ஜன்னலோரத்திலும் இன்னொன்றை அலமாரிக்குள்ளும் வைத்தோம். வெளிச்சத்தில் இருந்தது பச்சையாகக் குட்டையாக வளர்ந்தது. இருட்டில் இருந்தது வெளிறிப்போய் நீண்டு, தலை சாய்ந்து கிடந்தது. "இது ஏன் ஓடிப்போகப் பார்க்கிறது?" என்று பேத்தி கேட்டாள். வெளிச்சத்தைத் தேடித்தான் அது அப்படி நீள்கிறது என்று அவளே இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அலமாரிக் கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டு வந்து வைத்து, அது பச்சையாகும் வரை பார்த்துவிட்டுச் சொன்னாள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு, நீலமானதும் எலுமிச்சை பிழிந்தால் அது ஊதாவாக மாறும். பேரன் கை தட்டுவதற்கு அது போதும். அவனுக்கு இப்போது விளக்கம் தேவையில்லை.

இனி கறிவேப்பிலைச் செடி. நம்மவர் வீட்டில் பூந்தொட்டி இல்லாவிட்டாலும் கறிவேப்பிலை இருக்கும். அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில்கூடப் பெயின்ட் வாளியில் வளர்க்கிறார்கள். அந்தச் செடியின் இளந்தளிரைத் தினமும் பார்க்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒரு முட்டை ஒட்டியிருக்கும். சில நாளில் அதிலிருந்து வரும் புழு, பறவையின் எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். எச்சம் என்று நினைத்துப் பறவைகள் கொத்தாமல் போகட்டும் என்றுதான் அதற்கு அந்தத் தோற்றம். நன்றாகத் தின்று பெருத்த பிறகு தோலை உரித்துப் பச்சையாகிவிடும். அப்போது அதை ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டி, ஒரு நெடியையும் விடும். எங்கள் பேரன் முதல்முறை அதைக் கண்டு அலறி என் காலைக் கட்டிக்கொண்டான். மறுநாள் அவனேதான் போய்ப் பார்க்கலாம் என்று கையைப் பிடித்து இழுத்தான்.

பிறகு அது ஒரு குச்சியில் நூலால் தன்னைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பட்டாம்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். இந்த ஒரு மாதமும் பிள்ளைக்குக் கிடைப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி மாறியது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. காத்திருக்கவும் பழகிக்கொள்கிறது. பேத்தி ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் தினமும் அந்தப் புழுவை வரைந்தாள். முதல் படம் ஒரு புள்ளி. கடைசிப் படத்துக்குத் தாள் போதவில்லை. படத்துக்கு அடியில் 'புழு' என்று எழுதித் தரும்படி அவளாகவே கேட்டாள். 'பு' எழுதப் பழகியது அப்படித்தான். குழம்புக்குக் கறிவேப்பிலை குறைந்துவிட்டதே என்று மகள் சொன்னாள். சந்தையில் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். செடிக்கு மருந்து அடிக்க மட்டும் நான் விடவில்லை.

செம்பனையைப் பற்றி, அதாவது எண்ணெய்ப் பனையைப் பற்றி, எழுதாமல் இந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் எழுத முடியாது. இந்நாட்டில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில். 1917-இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்களுக்குக் கண்ணில் படுவது செம்பனைதான். ஆனால் பிள்ளைகள் கார் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. எங்கள் தாமானின் பின்வேலிக்கு அப்பால் சிறுதோட்டக்காரர் ஒருவரின் செம்பனை இருக்கிறது. அவரிடம் அனுமதி வாங்கி, அறுவடை இல்லாத நாளாகப் பார்த்து, மாலையில் ஓரத்து மரம் வரை பிள்ளைகளை அழைத்துப் போவேன்.

அங்கே செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. செம்பனையின் தண்டில் வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் படிக்கட்டு போல் சுற்றிச் சுற்றி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பேத்தியின் கையில் ஒரு சாக்கட்டியைக் கொடுத்து, ஒரு வரிசையைக் கைக்கு எட்டிய வரை குறித்துக்கொண்டே போகச் சொன்னேன். அடுத்த வரிசை, அதற்கு அடுத்தது என்று மரத்தைச் சுற்றி வந்தால், ஒரு பக்கமாகச் சுழன்று ஏறும் வரிசைகள் 8, எதிர்ப்பக்கமாகச் சுழல்பவை 13. சில மரங்களில் அந்த 8 வரிசைகளும் வலப்பக்கம் சாய்ந்து ஏறும், சிலவற்றில் இடப்பக்கம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 13 வரை எண்ணுவது எளிதல்ல. மேசையில் உட்கார வைத்திருந்தால் 9-க்குப் பிறகு கொட்டாவி விட்டிருப்பாள். மரத்தைச் சுற்றி நடந்து எண்ணியபோது, எண்ணிக்கை தப்பியதும் அவளே முதலிலிருந்து தொடங்கினாள். அவள் குறித்த வண்ணக் கோடுகளை அந்தத் தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருடமாகக் குலை வெட்டுகிறேன், இதை எண்ணிப் பார்த்ததில்லை" என்றார்.

ஆண் பூ மலர்ந்திருந்தால் பக்கத்தில் போய் மோந்து பார்க்கச் சொல்வேன். அதற்குச் சோம்பு வாசனை. "பாட்டி, பிரியாணி வாசனை" என்றான் பேரன். பூவைக் கொஞ்சம் ஆட்டினால் எறும்பைவிடச் சற்றுப் பெரிய பழுப்பு வண்டுகள் கூட்டமாக ஓடும். அந்த வண்டைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. நான் வேலைக்குப் போன காலத்தில் செம்பனைக்கு மகரந்தத் தூள் ஊதுவது பெண்களின் வேலை. ஆண் பூவின் தூளை டால்க் பவுடரோடு கலந்து, ஊதுகுழலில் போட்டுக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவுக்கு ஊதுவோம். முள் கையைக் கிழிக்கும். அப்படிச் செய்யாவிட்டால் பல தோட்டங்களில் காய் சரியாகப் பிடிக்காது. செம்பனை இங்கே வந்தபோது அதன் வண்டு கூட வரவில்லை என்பதுதான் காரணம். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் அந்த வேலையை இந்தச் சின்ன வண்டுதான் செய்கிறது என்று பூச்சியியல் அறிஞர் சையது கண்டறிந்து சொன்னார். 1981-இல் ஜொகூரில் முதன்முதலாக வண்டுகளை விட்டார்கள். சில ஆண்டுகளில் எல்லாத் தோட்டத்துக்கும் பரவி, ஊதுகுழலுக்கு வேலையில்லாமல் செய்துவிட்டன.

இதைச் சொன்னதும் பேத்தி அந்த வண்டுகளை வெகுநேரம் பார்த்தாள். "அப்படியென்றால் உங்களுக்குச் சம்பளம் இல்லாமல் போய்விட்டதா?" என்று கேட்டாள். வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். "வண்டுக்கு யார் சம்பளம் கொடுப்பது?" என்றாள். பூவே கொடுக்கிறது என்றேன். அது எப்படி என்று தெரிந்துகொள்ள அடுத்த முறையும் போனோம். வண்டு அந்தப் பூவைத் தின்பதையும், அதிலேயே முட்டையிடுவதையும், ஒரு காய்ந்த பூவைப் பிட்டு உள்ளேயிருந்த குஞ்சுப் புழுவையும் காட்டினேன். ஐந்து வயதுக் குழந்தையின் ஒரு கேள்வியிலிருந்து பூ, பூச்சி, கூலி, கடல் கடந்து வந்த மரம் என்று எவ்வளவு தூரம் போக முடிகிறது! அவளுடைய கொள்ளுப் பாட்டனும் கடல் கடந்து வந்தவர் என்பதை இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு சொல்லுவேன்.

தோட்டத்துக்குள் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள். அது கூகைக்கு. எலிகள் செம்பனைப் பழத்தைத் தின்று நாசமாக்குவதால், விஷம் வைப்பதற்குப் பதிலாகக் கூகைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். கூகை கத்தினால் வீட்டில் சாவு விழும் என்று சொல்லி என்னை வளர்த்தார்கள். என் பேரப்பிள்ளைகள் கூகை கத்தினால் எலி பிடிக்கப் போகிறது என்கிறார்கள்.

இனி நிழல். காசு செலவில்லாத இன்னொரு விளையாட்டு இது. வாசலில் ஒரு கம்பை நட்டு, அதன் நிழல் எங்கே விழுகிறது என்று காலையிலும் மதியத்திலும் மாலையிலும் சாக்கட்டியால் கோடு போடுங்கள். நிழல் மிகக் குறுகுவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணி வாக்கில். தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சூரியன் பழைய கணக்கிலேயே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் எங்கள் பக்கத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது, கம்பின் நிழல் கம்பின் காலடியிலேயே அடங்கிவிடும். அந்த வெயிலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

நான் இப்படிச் சொன்னால், பழைய தோட்டத்து வாழ்க்கையைப் புகழ்கிறாள் என்று சிலர் எடுத்துக்கொள்ளலாம். அப்படியல்ல. ஆயாக்கொட்டகையில் ஓர் ஆயாவின் பொறுப்பில் கைக்குழந்தை முதல் பள்ளி வயதுப் பிள்ளை வரை அத்தனை பேரும் கிடந்தோம். குடற்புழுவும் சிரங்கும் எங்களோடு இருந்தன. மருந்து அடித்துவிட்டு வந்த அம்மாவின் சட்டையைக் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள் நாங்கள். அந்தப் பாரக்குவாட் களைக்கொல்லி மருந்துக்கு 2020 ஜனவரியில்தான் இந்நாட்டில் தடை வந்தது. அந்த நாள் திரும்பி வர வேண்டும் என்று எந்தத் தாயும் கேட்க மாட்டாள். எங்களுக்கு மரமும் மண்ணும் இருந்தன, பக்கத்தில் நின்று கேள்விக்குப் பதில் சொல்லப் பெரியவர்களுக்கு நேரம் இல்லை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இரண்டையும் நம்மால் சேர்த்துக் கொடுக்க முடியும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறேன்.

அதனால் எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். களைக்கொல்லி அடித்த இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள். புல் திடீரென்று மஞ்சளாகிக் கருகியிருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளின் ஓரம் சரிந்துவிடும், ஆழமும் தெரியாது. பெரியவர் கூட இருந்தாலும் அங்கே வேண்டாம். குன்றிமணி அழகானது, ஆனால் கடித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. எண்ணி விளையாடச் சிவப்பு விதை வேண்டுமென்றால் கறுப்புப் புள்ளி இல்லாத மஞ்சாடியைப் பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அதையும் வாயில் போட விடக்கூடாது. ரப்பர் கொட்டையும் பச்சையாகத் தின்னக் கூடாதது. அரளியைத் தொட்டால் கையைக் கழுவச் சொல்லுங்கள். இடி கேட்டதும் உள்ளே ஓடிவிட வேண்டும். எங்கள் பக்கத்து மாலை மழையை நம்ப முடியாது.

கொசு வருமே, டிங்கி வருமே என்று பயந்து பிள்ளையை வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஏடிஸ் கொசு பெருகுவது நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும்தான். வாரம் ஒருநாள் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தேங்கிய தண்ணீரில் நெளியும் புழுவைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை, கவிழ்த்துக் கொட்டுவது உங்கள் வேலை. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும் என்பதால் வாரந்தோறும் பார்க்க வேண்டும். எங்கள் பேரனின் கண்ணுக்குத் தப்பி ஒரு தேங்காய்ச் சிரட்டைகூடத் தண்ணீரோடு கிடக்காது. கிருமியும் நோயும் பற்றிய பாடத்தை மூன்று வயதில் இதைவிட நன்றாக எப்படி நடத்துவது?

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் தாயிடம், வண்டு காட்டப் போ என்று நான் சொல்ல மாட்டேன். துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்துக் காலுறைகளுக்கு ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். இரவுச் சந்தைக்குப் போனால் மூன்று வெள்ளியை அதன் கையில் கொடுத்து, அதையே கீரை வாங்கச் சொல்லுங்கள். தகப்பன்மார்களும் இதில் சேர வேண்டும். மோட்டார் சைக்கிளைக் கழுவும்போது வாளியைப் பிடிக்க ஓர் ஆள் தேவைதானே. பிள்ளை செய்தால் வேலை தாமதமாகும், தண்ணீர் கொட்டும், தரையைத் துடைக்க வேண்டியிருக்கும். அந்தத் தாமதத்தைத் தாங்கிக்கொள்வதுதான் இதில் நமக்கு இருக்கும் ஒரே செலவு.

கைப்பேசியைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. என் மகள் தாதி. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அந்த வயதில் ஓடியாட வேண்டிய நேரம் நாளுக்கு மூன்று மணி. தைவானில் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை பெருகிவிட்டதைக் கண்டு, 2010 முதல் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சத்தில் இருக்கச் சொல்லிப் பள்ளிகளில் திட்டம் கொண்டு வந்தார்கள், பலனும் கண்டார்கள். வெளியே அழைத்துப் போவது கண்ணுக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலர் பள்ளி நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அங்கே வேலை செய்தவள் என்பதால் உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். எழுத்து வேலை கொடுக்காவிட்டால் பெற்றோர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. ஆனால் நம் தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டமே விளையாட்டின் வழியாகக் கற்பதைத்தான் சொல்கிறது. அதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். மூன்று பக்க எழுத்துக்குப் பதிலாக, வரும் வழியில் பார்த்த ஒன்றைப் பற்றி மறுநாள் வந்து பேசச் சொல்லுங்கள். ஒரு காய்ந்த இலையோ இறகோ கொண்டு வரட்டும். தினமும் அரை மணி நேரம் வேலி ஓரத்தில் நிற்க விடுங்கள். புல்லை ஒட்ட வெட்டி, எல்லா இடத்திலும் சிமெண்ட் பூசிவிட வேண்டாம். தொட்டாற்சிணுங்கி வளர ஓர் ஓரமாவது மிச்சம் இருக்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. ஞாயிறு பதிப்பில் சிறுவர் பக்கத்தை எடுத்தால் பென்குயினும் பனிக்கரடியும் இருக்கின்றன. அவையும் வேண்டியவைதான். வாரம் ஒன்றாக, நம் ஊரில் கண்ணால் பார்க்கக் கூடியதற்கும் கால் பக்கம் ஒதுக்குங்கள். மாமரத்தில் இலையோடு இலையைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, தன் குஞ்சுப் புழுவின் நூலைத்தான் அதற்குப் பசையாக எடுக்கிறது. கோலசிலாங்கூர் மலாவத்தி குன்றில் இருக்கும் சாம்பல் நிறக் குரங்கின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். செம்பனை ஓலையில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறது. பிப்ரவரி, மார்ச்சில் பால் மரம் (ரப்பர் மரம்) இலை சிவந்து உதிர்க்கிறது. இவற்றை எழுத நாடு முழுக்க ஆசிரியர்களும் பழைய தோட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள். கேட்டால் எழுதி அனுப்புவார்கள். எங்கள் ஊரைப் பற்றி நானும் எழுதுகிறேன். வண்ணப் படம் போட இடமில்லை என்றால் விட்டுவிடலாம். தமிழிலும் மலாயிலும் அதன் பெயர், எந்த மாதத்தில் எங்கே தேடினால் பார்க்கலாம் என்ற இரண்டு வரி, இவை இருந்தால் போதும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நாங்கள் தேடிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பேரப்பிள்ளைகளை வளர்க்கும் ஒரு வாசகி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.